ஊர்க்கோழியிலும் அந்த வைரஸ் இருக்கிறது, தம்பி

மூதூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவர் வீட்டில் நாற்பது கோழி நிற்கிறது. கேள்வி இதுதான்: "சேர், புரொயிலர் கோழியின் டி.என்.ஏக்குள்ளேயே வைரஸ் இருக்கிறதாம், சீக்கிரம் வளரட்டும் என்று கம்பனிக்காரர் ஏற்றினதாம், ஊர்க்கோழியில் அது இல்லையாம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு அம்மா கடைக்கோழி வாங்குவதையே நிறுத்திவிட்டா. உண்மையா?" வால் மாதிரி இன்னொன்றும் இருந்தது: நீல முட்டை இடும் குஞ்சு என்று ஒருவர் கூடின விலைக்கு விற்கிறார், வாங்கலாமா என்று. இரண்டும் வேறு வேறு கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார். உண்மையில் இரண்டும் ஒரே கேள்வி, அதனால்தான் எனக்கு எழுதவே ஆசை வந்தது.

கோழியின் டி.என்.ஏக்குள் வைரஸ் இருப்பது உண்மை. கம்பனி ஏற்றியது என்பது பொய். ஊர்க்கோழியில் இல்லை என்பது அதைவிடப் பெரிய பொய்.

எப்படி உள்ளே போனது என்று முதலில் பார்ப்போம். ஏ.எல். பயோ படித்தவர்களுக்கு டி.என்.ஏயிலிருந்து ஆர்.என்.ஏ, ஆர்.என்.ஏயிலிருந்து புரதம் என்ற வரிசை பாடமாக இருக்கும். ரெட்ரோ வைரஸ் என்ற வகை இதைத் தலைகீழாகச் செய்யும். அதனிடம் இருப்பது ஆர்.என்.ஏ. கலத்துக்குள் நுழைந்ததும் தன்னிடமுள்ள ஒரு நொதியத்தைக் கொண்டு அதை டி.என்.ஏயாக எழுதி, அந்தக் கலத்தின் நிறமூர்த்தத்தை வெட்டி நடுவில் ஒட்டிவிடும். ஒட்டியதைக் கழற்ற அநேகமாக வழியில்லை. ஈரல் கலத்திலோ இரத்தக் கலத்திலோ ஒட்டினால் அந்தக் கோழியோடு கதை முடிந்துவிடும். எப்போதாவது ஒரு தடவை, முட்டையாகவோ விந்தாகவோ போகப்போகும் கலத்தில் ஒட்டிவிட்டால்தான் சங்கதி வேறு. அதிலிருந்து பொரிக்கும் குஞ்சின் ஒவ்வொரு கலத்திலும் அது இருக்கும், அந்தக் குஞ்சு பெரிதாகித் தன் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது கொடுக்கும், அப்புறம் அது தொற்றும் நோய் இல்லை, கொண்டையின் வடிவம் மாதிரி, காலின் நிறம் மாதிரிப் பரம்பரைச் சொத்து. இதை அகவழி ரெட்ரோ வைரஸ் என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் அம்மம்மாவிடம் ஒரு பலகாரக் கொப்பி இருந்தது. கலியாணம் முடித்துப் போகும் ஒவ்வொரு மகளும் அதைப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போவாள். யாரோ வெளியாள் ஒருவர் நடுப்பக்கத்தில் நாலு வரி கிறுக்கி வைத்திருக்கிறார், பயற்றம் பணியாரத்துக்கும் முறுக்குக்கும் நடுவில். அம்மா அதையும் சேர்த்துத்தான் எழுதினா, சித்தியும் எழுதினா. இப்போது பேத்திமாரின் கொப்பியில் அந்த வரி பாதி எழுத்துப் பிழையோடு, வாசித்தால் ஒன்றும் விளங்காமல் கிடக்கிறது. கோழியில் இருக்கும் பெரும்பாலான வைரஸ் துண்டுகளின் நிலைமையும் அதேதான். பல தலைமுறை படியெடுத்ததில் சிதைந்துபோனவை, எழுந்து நடமாட முடியாதவை. பலவற்றில் உடம்பே இல்லை, இரண்டு முனையிலும் இருந்த ஒரே மாதிரித் துண்டுகளில் ஒன்று மட்டும் மிச்சம். ஆனால் ஒன்றிரண்டு வரி இன்னும் தெளிவாக வாசிக்கும்படி இருக்கிறது. அவற்றைப் பற்றித்தான் கீழே நிறையச் சொல்லப்போகிறேன்.

கோழியின் முழு மரபுத் தொகுதியையும் வாசித்து 2004 இல் வெளியிட்டார்கள். வாசித்தது ஒரு சிவப்புக் காட்டுக்கோழிப் பேட்டினுடையது, ஏறத்தாழ 100 கோடி எழுத்து, மனிதனுடையதில் மூன்றில் ஒரு பங்கு. அதில் இந்த ரெட்ரோ வைரஸ் வகைத் துண்டுகள் எண்ணும் முறையைப் பொறுத்து 1 முதல் 3 சதவீதம் வரை. மனிதனில்? கிட்டத்தட்ட 8 சதவீதம். ஆகவே வைரஸ் இருக்கிறது என்று யாராவது யாரையாவது சாப்பிடாமல் விடுவதென்றால், முதலில் கோழிதான் எங்களைப் பார்த்து ஒதுங்க வேண்டும்.

இது எப்படித் தெரியவந்தது என்ற கதையும் கோழிக்கூட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நியூயோர்க்கில் ரொக்பெல்லர் நிறுவனத்தில் இருந்த பேட்டன் ரவுஸ் என்பவர், நெஞ்சில் கட்டி வந்த ஒரு பிளிமத் ரொக் கோழியை எடுத்து, அந்தக் கட்டியை அரைத்து, கலங்கள் போகமுடியாத நுண்வடியால் வடித்து, அந்தத் தண்ணீரை மட்டும் வேறு கோழிக்கு ஏற்றிப் பார்த்தார். அதற்கும் கட்டி வந்தது. 1911 இல் எழுதினார், யாரும் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. நோபல் பரிசு கிடைத்தது 1966 இல், அப்போது மனிதருக்கு வயது 87. அந்த ரவுஸ் வைரஸை வைத்துத்தான் ஹவார்ட் டெமின் அந்தத் தலைகீழாக எழுதும் நொதியத்தை 1970 இல் கண்டுபிடித்தார், அதே ஆண்டு டேவிட் பல்ரிமோர் தனியாகவும் கண்டுபிடித்தார்.

இதற்கிடையில் 1960களில் ஒரு குழப்பம். கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் லியூக்கோசிஸ் என்ற ரெட்ரோ வைரஸே தொற்றாத, நல்ல ஆரோக்கியமான கோழிகளிலும் அந்த வைரஸின் புரதம் தென்பட்டது. ஆய்வுகூடத்தில் சுத்தம் போதாது, எங்கேயோ கலந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். 1968 இல் இங்கிலாந்தில் பெய்ன், சப் என்ற இருவர் அந்தப் புரதம் உள்ள கோழியையும் இல்லாத கோழியையும் இணைசேர்த்துக் குஞ்சுகளை எண்ணிப் பார்த்தபோது, மெண்டலின் பட்டாணி மாதிரி அச்சொட்டாக ஆட்சியுள்ள ஒரே ஜீனின் கணக்கில் வந்தது. கிருமி வந்தால் இப்படிக் கணக்குப் பார்த்தா தொற்றும்? ரொபின் வைஸ் என்ற இளம் ஆய்வாளரும் இதே நேரம் அதே முடிவுக்கு வந்தார், அவரையும் ஆரம்பத்தில் நம்பவில்லை. வீட்டுக்கோழியில் மட்டுமா, அதன் மூதாதையிலும் உண்டா என்று பார்க்க மலேசியக் காட்டுப் பக்கம் போய்ச் சிவப்புக் காட்டுக்கோழியையும் சோதித்தவர் அவர். இருந்தது. கம்பனிக்காரர் புரொயிலர் என்ற சொல்லைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே அது கோழிக்குள் குடியேறிவிட்டது.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கந்தளாயிலிருந்து ஹபரணைக்குப் போகும் வீதியில் விடியற்காலை போனவர்கள் பார்த்திருப்பீர்கள், காட்டோரம் ஒரு சேவல் நிற்கும், உடம்பு செம்மஞ்சள், வால் ஊதா, சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சளைத் தடவிவிட்ட மாதிரி ஒரு திட்டு. எங்கள் வீட்டுச் சேவல் மாதிரி இழுத்துக் கூவாது, வெட்டி வெட்டிக் கூவும். அதுதான் இலங்கைக் காட்டுக்கோழி, எங்கள் தேசியப் பறவை, உலகில் வேறெங்கும் கிடையாது. சிவப்புக் காட்டுக்கோழி, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி, ஜாவாவின் பச்சைக் காட்டுக்கோழி, எங்களுடையது என்று இந்தச் சாதியில் நாலு இனம். 1979 இல் வைஸும் கூட்டாளிகளும் நாலின் டி.என்.ஏயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லியூக்கோசிஸ் வைரஸுக்குச் சொந்தமான அந்தக் குடும்பம் சிவப்பிலும் வீட்டுக்கோழியிலும் இருந்தது, மற்ற மூன்றிலும் இல்லை. அப்படியென்றால் நாலு இனமும் பிரிந்து போனதற்குப் பிறகுதான், சிவப்பின் பரம்பரைக்குள் மட்டும் அது நுழைந்திருக்க வேண்டும். உங்கள் முற்றத்தில் கிளறிக்கொண்டு நிற்கும் ஊர்க்கோழி அந்தச் சிவப்பின் வாரிசு, காட்டில் நிற்கும் எங்கள் ஊர்ச் சேவலின் வாரிசு இல்லை. வைரஸ் இல்லாத சுத்தமான கோழி வேண்டுமென்று யாராவது ஒற்றைக்காலில் நின்றால் காட்டைத்தான் காட்டவேண்டும், அதையும் பிடித்தால் வனஜீவராசிகள் திணைக்களம் வந்துவிடும். காட்டுச்சேவலும் முழுச் சுத்தம் என்று சொல்லவில்லை, இதைவிடப் பழைய வேறொரு வைரஸ் குடும்பம் நாலு இனத்திலுமே இருக்கிறது.

அந்த வீடியோக்காரருக்கு இன்னும் சங்கடமான செய்தி ஒன்று. பல நாட்டு ஊர்க்கோழிகளைப் பரிசோதித்துப் பார்த்ததில், லியூக்கோசிஸ் குடும்பத் துண்டுகள் வகைவகையாக அதிகம் இருந்தது ஊர்க்கோழிகளில்தான். பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வந்த வெள்ளை முட்டைக்கோழி வம்சங்களில் ஒரு சிலதான் மிச்சம்.

சரி, இது இருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியும். என் கைக்காசு போன கதையோடு சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் 50 வெள்ளை லேயர் குஞ்சு வாங்கினேன், எல்லாம் பேடு, பார்த்துப் பிரித்தது என்று சத்தியம் செய்து தந்தார்கள். இரண்டு மாதம் போகவில்லை, ஆறு பேருக்குக் கொண்டை சிவந்து, ஒருநாள் விடியப்புறம் ஒருத்தன் தொண்டை கட்டின மாதிரிக் கூவத் தொடங்கினான். வாங்கின இடத்தில் போய்க் கேட்டதற்குத் தீவனத்தைக் குறை சொன்னார்கள். தீவனம் கொடுத்துப் பேட்டைச் சேவலாக்கின முதல் ஆள் நான்தான் போல.

ஒருநாள் குஞ்சில் ஆண் பெண் பிரிக்கும் வழிகளில் ஒன்று செட்டையைப் பார்ப்பது. குஞ்சை உள்ளங்கையில் வைத்துச் செட்டையை விசிறி மாதிரி மெல்ல விரித்தால் நுனியில் இரண்டு வரிசை முள் இறகு தெரியும். கீழ்வரிசை மேல்வரிசையைவிட நன்றாக நீண்டு நின்றால் பேடு. இரண்டும் ஒரே நீளம், அல்லது மேல்வரிசை நீளம் என்றால் சேவல். பொரித்த முதல் நாளில் பார்த்தால்தான் உண்டு, விட்டால் சேவல் குஞ்சும் எட்டிப் பிடித்துவிடும். இது எல்லாக் கோழிக்கும் பொருந்தாது, அதற்கென்று பெற்றோரைத் தெரிந்தெடுத்துச் சேர்த்த வம்சத்துக்குத்தான். தாய் மெதுவாக இறகு விடும் வகையாகவும் தகப்பன் வேகமாக விடும் வகையாகவும் இருக்க வேண்டும். பறவையில் பால் நிறமூர்த்தம் எங்களுக்கு மறுவளம், சேவலுக்கு இரண்டு இசட், பேட்டுக்கு ஒரு இசட் ஒரு டபிள்யூ. தாய் தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுப்பாள், அதோடு மெதுவான இறகும் மகனுக்குப் போய்விடும், மகளுக்குத் தகப்பனின் வேகமான இறகு.

இதில் வைரஸ் எங்கே வந்தது என்றால், அந்த மெதுவான இறகின் ஜீனுக்குப் பக்கத்திலேயே, இசட்டின் மேல், லியூக்கோசிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஈ.வி. 21 என்று பெயர். இறகை மந்தமாக்குவது அநேகமாக அந்த இடத்தில் டி.என்.ஏயின் ஒரு பெரிய துண்டு இரண்டு தடவை எழுதப்பட்டுவிட்டதுதான், வைரஸ் அந்தப் பொருத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. சும்மா வந்தாலும் பரவாயில்லை, இது இன்னும் வாசிக்கக்கூடிய வரிகளில் ஒன்று, வைரஸ் துகள் உண்டாக்கும். தாயின் உடம்பிலிருந்து முட்டை வழியாக அந்தத் துகள் குஞ்சுக்குப் போனால், குஞ்சின் நோயெதிர்ப்பு அதைப் பிறவியிலிருந்தே சொந்தக்காரன் என்று பழகிவிடும். பிறகு வெளியிலிருந்து உண்மையான லியூக்கோசிஸ் வைரஸ் வரும்போது, முகச்சாயல் ஒன்றாக இருப்பதால் அதையும் சும்மா விட்டுவிடும். அப்படிப்பட்ட கோழிகளில் நோய் கூடி முட்டை குறைந்தது, 1980களில் இதைப் பிடித்தார்கள். இனவிருத்திக் கம்பனிகளுக்கு இது பெரிய தலையிடி, ஏனென்றால் செட்டை பார்த்துப் பிரிக்கும் வசதியையும் விட மனமில்லை. ஆக, கம்பனிக்காரர் வைரஸை ஏற்றவில்லை, இருக்கிற வைரஸை எப்படிக் கழிப்பது என்றுதான் மண்டையை உடைக்கிறார்கள்.

கழித்தால் கோழி செத்துவிடுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங்கில் லியூக்கோசிஸ் குடும்பத்துத் துண்டு ஒன்றுகூட இல்லாத ஒரு வம்சத்தை உருவாக்கி வைத்திருக்கிறார்கள், லைன் 0 என்று பெயர். சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, ஒரு குறையும் இல்லை. அதற்காக எல்லாமே குப்பை என்றும் சொல்லிவிட முடியாது. சில துண்டுகள் வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் செய்யும். அது கலத்தின் வாசலில் போய்ப் பூட்டுத் துளையில் திறப்பு முறிந்து நின்ற மாதிரி அடைத்துக்கொள்ளும், அதே வாசலால் வரும் சொந்தக்கார வைரஸ் நுழைய முடியாது. உள்வீட்டுக் கள்ளன் வெளிக்கள்ளனுக்குக் காவல். எதிர்மாறானதும் நடந்திருக்கிறது. 1980களின் கடைசியில் இங்கிலாந்தில் இறைச்சிக்கோழி வம்சங்களில் ஒரு புதிய லியூக்கோசிஸ் வைரஸைக் கண்டார்கள், ஜே வகை. அதன் மேலுறை எங்கிருந்து வந்தது என்று தேடினால், கோழியின் டி.என்.ஏயில் பழையகாலத்திலிருந்து கிடந்த இன்னொரு குடும்பத்துத் துண்டோடு கிட்டத்தட்ட அச்சாக ஒத்துப்போகிறது. வெளியிலிருந்து வந்த வைரஸ் கோழியின் பழஞ்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. 1990களில் பல நாடுகளில் இனப்பெருக்கக் கோழிப் பண்ணைகளை அது ஒரு கை பார்த்தது.

அந்தப் பழைய குடும்பம்தான் உங்கள் நீல முட்டைக்கும் காரணம், இப்போது உங்கள் வாலுக்கு வந்துவிட்டேன். தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் மப்புச்சே மக்கள் வளர்த்த கோழியும், சீனாவின் சில ஊர்க்கோழிகளும் நீல முட்டை இடும். 2013 இல் காரணம் தெரிந்தது. பித்தநீர்ச் சாமான்களைக் கலத்துக்குள்ளும் வெளியிலும் கடத்தும் ஒரு ஜீன் உண்டு, வழமையாக ஈரலில் வேலை செய்வது. அதன் தலைமாட்டில் இந்த வைரஸ் வந்து ஒட்டியதும், வைரஸின் முனைத்துண்டு ஒரு சுவிட்ச் மாதிரி வேலை செய்து, முட்டையின் ஓடு உண்டாகும் கருப்பையிலும் அந்த ஜீனைப் போட்டுவிட்டது. விளைவு, பிலிவேர்டின் என்ற பச்சைநீலச் சாயம் ஓட்டுக்குள் ஊறுகிறது. சிலியிலும் சீனாவிலும் வைரஸ் ஒட்டிய புள்ளி வேறு வேறு, அதாவது ஒரே தற்செயல் உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு தடவை நடந்து, இரண்டு இடத்திலும் மனிதருக்கு நிறம் பிடித்துப்போய் வைத்துக்கொண்டார்கள்.

வேறு இரண்டை மட்டும் சொல்லி விடுகிறேன். உடம்பு முழுக்க வெள்ளையாக வரும் கோழிகளில் ஒரு வகைக்கு, கருநிறம் செய்யும் ஜீனின் நடுவில் ஒரு முழு ரெட்ரோ வைரஸ் புகுந்து கெடுத்ததுதான் காரணம். செப்ரைட் என்ற சின்னச் சாதியில் சேவலுக்கும் பேட்டின் இறகுதான் இருக்கும். அங்கே ஆண் ஹோர்மோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றும் நொதியத்தின் ஜீனுக்கு முன்னால் வைரஸ் முனைத்துண்டு ஒன்று நிற்கிறது, தோலிலேயே அந்த மாற்றம் நடந்துவிடுகிறது.

அம்மாவிடம் என்ன சொல்வது? கோழி லியூக்கோசிஸ் வைரஸ் மனிதருக்கு நோய் உண்டாக்கியதாகக் காட்டப்படவில்லை, டி.என்.ஏக்குள் சிதைந்து கிடக்கும் துண்டுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கறிச்சட்டியில் கொதித்து வயிற்றில் செரிப்பது எல்லாம் ஒரே டி.என்.ஏதான், முருங்கைக்காயின் டி.என்.ஏ செரிக்கிற மாதிரிச் செரிக்கும். இதைவிடக் கடுமையான பரிசோதனை ஒன்று தற்செயலாக நடந்தும் இருக்கிறது. சின்னமுத்து, கூகைக்கட்டுத் தடுப்பூசிகளைக் கோழிக் கருவின் கலங்களில் வளர்ப்பது வழக்கம். 1990களின் நடுவில் அவற்றில் அந்தத் தலைகீழ் நொதியம் இருப்பதைக் கண்டு எல்லோரும் திடுக்கிட்டார்கள். கோழியின் அகவழி வைரஸ் துகள்தான் வந்திருந்தது. ஊசி போட்டவர்களின் இரத்தத்தை எடுத்துத் தேடினார்கள், தொற்றின் அடையாளம் ஒன்றும் அகப்படவில்லை, தடுப்பூசி தொடர்ந்தது. கடைக்கோழியைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இருந்தால் வயிற்றோட்டம் தரும் சல்மனெல்லா கிருமியைப் பற்றிப் படட்டும், நன்றாக வேகவைக்கட்டும், கோழி வெட்டின பலகையில் அப்படியே தக்காளி வெட்டாமல் இருக்கட்டும்.

நீலக் குஞ்சு வாங்குவதாக இருந்தால், அதன் தாய் இட்ட முட்டை ஒன்றைக் காட்டச் சொல்லி உடைத்துப் பாருங்கள். கபில முட்டையின் நிறம் மேலே பூசின மாதிரித்தான், ஓட்டின் உட்பக்கம் வெள்ளை. நீலம் என்றால் ஓட்டின் உட்பக்கமும் நீலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ சாயம் தோய்த்திருக்கிறார்கள். தாய் முட்டை உண்மையான நீலம் என்றாலும் அவளிடம் அந்த வைரஸ் ஒரு பிரதிதான் இருந்து, தகப்பன் சாதாரண ஊர்ச்சேவலாக இருந்தால், குஞ்சுகளில் பாதிக்குத்தான் அது போகும். சேவல் குஞ்சுக்குப் போனால் உங்களுக்கு முட்டையும் இல்லை. இதையெல்லாம் கழித்து விலை பேசுங்கள், செட்டையை விரித்துப் பேடு என்று காட்டினால் என் ஆறு சேவலையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.